ஒரே பாய்லரில் இரண்டு குடும்பம்

ஜெர்மனிக்குப் போனால் குழாயைத் திருகியதும் வெந்நீர் கொட்டும், விறகும் வேண்டாம், அண்டாவும் வேண்டாம் என்று என்னிடம் சொல்லி அனுப்பியவர்கள் பலர். அவர்களில் ஒருவர்கூட ஆஹென் நகரத்தில் ஒரு தை மாதத்தைக் கழித்தவர் இல்லை. குழாயைத் திருகியதும் வெந்நீர் கொட்டத்தான் செய்தது, பொய் சொல்லக்கூடாது. அந்த வெந்நீராலேயே கைக்குழந்தையோடு தெருவுக்கு வர இருந்தோம் என்பதுதான் யாரும் எனக்குச் சொல்லி அனுப்பாத பாகம். இன்றைக்கு அதை நினைத்தாலும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. மற்றதெல்லாம் பிறகுதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. இவர், அதாவது என் கணவர், அங்கிருந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் சிரிப்பீர்கள். குழாய்க்குள் ஓடும் தண்ணீரில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்பதுதான். நான் மதுரையில் இயற்பியலில் பி.எஸ்ஸி. முடித்த கையோடு கல்யாணமாகி வந்தவள். ஆக, வெப்பத்தைப் பற்றிப் பரீட்சை எழுதித் தேறிய இரண்டு பேர் ஒரே வீட்டில் உட்கார்ந்து பல் தந்தியடிக்க நடுங்கிக்கொண்டிருந்தோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

வீடு, மேடேறிப் போகும் ஒரு தெருவில் இருந்தது. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரம்மாவும் அவருடைய வயதான அப்பாவும். மேல்தளத்தில் நாங்கள். தரைக்கு அடியில் ஒரு நிலவறை. அங்கே எண்ணெயில் எரிகிற ஒரு பாய்லர். இரண்டு வீட்டுக்கும் அந்த ஒரே பாய்லர்தான். ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்குக் கீழே நிற்கும் இரும்பு ரேடியேட்டர்களுக்குச் சூடான தண்ணீரை அனுப்பி அறையைக் கதகதப்பாக வைப்பது அதுதான். குளிக்கிற வெந்நீரை ஒரு பெரிய தொட்டியில் காய்ச்சி வைப்பதும் அதுவேதான். ரேடியேட்டருக்குள் சுற்றிவருகிற தண்ணீர் வேறு, குழாயில் வருகிற தண்ணீர் வேறு. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. ஆனால் இரண்டையும் சுடவைக்கிற நெருப்பு ஒன்று. இவ்வளவும் எனக்கு வந்த புதிதிலேயே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்காரம்மா ஐம்பதைத் தாண்டியவர். கணவர் போருக்குப் போய்த் திரும்பவில்லை. அப்பா, பக்கத்து ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, நெஞ்சு நிறையத் தூசியை வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றவர். அவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. கட்டிலில் கம்பளித் தொப்பியோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆனால் இருமல் தினமும் மேலே வரைக்கும் கேட்கும். அறை கொஞ்சம் குளிர்ந்தாலும் இருமல் கூடிவிடும்.

நாங்கள் குடிவந்தது கோடையில். எங்களுக்கு முன்னால் மேலே இருந்தவர் ஒற்றை ஆள். வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை, தொட்டியை நிரப்பிக் குளிப்பார். வீட்டுக்காரம்மாவும் அப்படித்தான். மற்ற நாட்களில் முகம் கழுவும் தொட்டியில் துணியை நனைத்துத் துடைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். அந்தத் தலைமுறை முழுக்க அப்படித்தான் இருந்தது, அதில் கேலி பண்ண ஒன்றுமில்லை. குளியலறையைக் காட்டும்போதே வீட்டுக்காரம்மா சொன்னார், “சனிக்கிழமை குளிக்கிற நாள்.” நாங்கள் நன்றாகத் தலையாட்டினோம். மறுநாள் காலை ஆறு மணிக்கே இரண்டு பேரும் தலை முதல் கால் வரை குளித்தோம். அதற்கு மறுநாளும். நான் குளியல் தொட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து, மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்வேன். இவர் ஷவரைத் திறந்தால் தெரிந்த சினிமாப் பாட்டெல்லாம் பாடி முடித்த பிறகுதான் மூடுவார். குளிக்காமல் அடுப்படிக்குள் கால் வைக்கிற பழக்கம் என் வீட்டில் இல்லை. ஆகாய விமானத்தில் ஏறிவிட்டதால் அது மாறிவிடுமா?

அந்த ஊரின் கூத்தைக் கேளுங்கள். ஆஹெனில் மண்ணுக்கு அடியிலிருந்து தானாகவே கொதிக்கிற தண்ணீர் வருகிறது. அந்தக் காலத்தில் ஒரு பேரரசன் அதில் குளிப்பதற்காகவே அங்கே வந்து தங்கினானாம். நகரத்து நடுவில் ஒரு மண்டபத்தில் அழுகிய முட்டை நாற்றத்தோடு அது குழாயில் வந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டுதான் நான் வெந்நீருக்காக இந்தப் பாடுபட்டேன்.

ஐப்பசியில் மகள் பிறந்தாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு இடுப்பிலும் முதுகிலும் வெந்நீர் விட வேண்டும், பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்ட வேண்டும். மீனம்பாக்கத்தில் என்னை வழியனுப்பும்போதே, வயிற்றில் பிள்ளை தங்குவதற்கு முன்பே, அம்மா இதைச் சொல்லிவிட்டாள். “அங்க யாரும் உனக்குச் செய்ய மாட்டாங்கடி. நீயே ஊத்திக்கணும். சோம்பேறித்தனப்பட்டு விட்டுறாத, காலம் பூரா இடுப்பு வலிக்கும்.” அம்மா பக்கத்தில் இல்லாத பிரசவம். அவள் சொல்லாவது பக்கத்தில் இருக்கட்டுமே என்று நான் ஒரு நாளும் தவறவிடவில்லை. முதலில் இவர் குளியல், அடுத்து என் குளியல், கடைசியில் குழந்தை. வாளி வாளியாக வெந்நீர். வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகும் மருத்துவச்சி, “வாரத்துக்கு ரெண்டு நாள் குளிப்பாட்டினா போதும்” என்றார். நான் சரி என்றேன். சரி என்பது அங்கே நான் முதலில் கற்றுக்கொண்ட ஜெர்மன் சொல். அதை எதற்கு வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

கார்த்திகை பிறந்து குளிர் இறங்கியதும் ஆரம்பித்தது கஷ்டம். ராத்திரி பாய்லர் தணிந்து எரியும், காலை ஆறு மணிக்கு மறுபடி வேகம் எடுக்கும், ஏழு மணிக்கெல்லாம் வீடு சூடாகிவிடும் என்பது ஏற்பாடு. நான் எழுந்திருக்கும்போது ரேடியேட்டரில் கை வைத்தால் லேசாகச் சூடு ஏறத் தொடங்கியிருக்கும். அப்பாடா என்று குளியலைத் தொடங்குவோம். குழந்தையைக் குளிப்பாட்டித் துண்டில் சுற்றி அறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தால், அறை ஐஸ் பெட்டி. ரேடியேட்டர் சில்லென்று இருக்கும். ஈரத் தலையோடு குழந்தை வீறிட்டு அழும், கீழுதடு நடுங்கும். என் கம்பளிச் சட்டைக்குள் அவளைப் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒன்பது, ஒன்பதரைக்கு மேல்தான் ரேடியேட்டருக்கு உயிர் வரும். அதற்குப் பிறகு நாள் முழுக்க ஒரு குறையும் இருக்காது. காலையில் மட்டும், சரியாக என் பிள்ளை ஈரமாக இருக்கும் நேரத்தில் மட்டும், சூடு போய்விடும்.

யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பது? அந்த யாரோ யார் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தினமும் காலையில் நிலவறைக் கதவு கிறீச்சிடும். வீட்டுக்காரம்மா செருப்புச் சத்தத்தோடு கீழே இறங்குவார். கொஞ்ச நேரம் கழித்து ஏறிவருவார். நான் போய் ரேடியேட்டரைத் தொட்டால் சில்லிட்டிருக்கும். இரண்டும் இரண்டும் நாலு. நாங்கள் தினமும் குளிப்பது அந்தம்மாவுக்குப் பிடிக்கவில்லை, அதனால் கீழே போய் எதையோ திருகி எங்களுக்கு வருகிற சூட்டை அடைத்துவிடுகிறார். இவரிடம் சொன்னேன். “அப்படியெல்லாம் இருக்காது” என்றார். பிறகு எப்படி இருக்கும் என்று கேட்டால், “பாக்கலாம்” என்றார். இந்தப் பாக்கலாம் என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டே எனக்கு ரத்தக் கொதிப்பு வந்திருக்க வேண்டும்.

அந்தக் குளிர்காலம் பார்த்து எண்ணெய்த் தட்டுப்பாடு வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று அரசாங்கமே தடை போட்டிருந்தது. நடுச்சாலையில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். எல்லாரும் திருவிழாபோலச் சிரித்துக்கொண்டு நடந்தார்கள். எங்கள் வீட்டுக்காரம்மா எண்ணெயை மிச்சம் பிடிக்க பாய்லரின் சூட்டையே ஒரு படி குறைத்து வைத்திருந்தார். எண்ணெய் வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாதாம்.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் வீட்டுக்காரம்மாவே படியேறி வந்தார். கோட்டு போட்டிருந்தார், வீட்டுக்குள்ளேயே. முகம் கறுத்திருந்தது.

“காலையில ஏன் குளியலறை ஜன்னல திறந்து வைக்கிறீங்க?”

திறக்கச் சொன்னதே அவர்தான். ஆவி தங்கினால் சுவர் பூசணம் பிடிக்கும், குளித்ததும் ஜன்னலைத் திற என்று குடிவந்த அன்றைக்கே பாடம் நடத்தியவர். அதைச் சொல்ல என் ஜெர்மனுக்குத் தெம்பில்லை.

“முற்றத்திலேருந்து பாக்கிறேன். புகை மாதிரி வெளிய போகுது. தெருவையே சூடாக்குறீங்க. காலையில அப்பா அறை சில்லுன்னு ஆயிடுது. நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு குளிர்காலத்துலயும் இப்படி ஆனதில்ல. பாய்லர்காரர் வந்து பாத்துட்டார், ஒரு கோளாறும் இல்லைன்னுட்டார்.”

பாய்லர்காரர் வந்தது மத்தியானம். மத்தியானத்தில் அது ஒழுங்காகத்தானே ஓடும். இதையும் சொல்ல முடியவில்லை.

“எங்க ரூமும் குளிருது” என்று மட்டும் சொன்னேன்.

“ஜன்னலத் திறந்தா குளிரத்தான் செய்யும்” என்றார். பிறகு, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே, “மாசி முடியறதுக்குள்ள வேற வீடு பாத்துக்கோங்க. எனக்கு அப்பாதான் முக்கியம்” என்றார். அவர் சொன்னது பிப்ரவரி என்று. எனக்கு அது மாசியாகத்தான் காதில் விழுந்தது, மதுரையில் மாசியென்றால் வெயில் ஏறத் தொடங்கும் காலம். இங்கே பனி முழங்காலளவு கிடந்தது.

வீடு தேடினோம் பாருங்கள், அந்தக் கொடுமையை எந்த எதிரிக்கும் நினைக்க மாட்டேன். சனிக்கிழமைப் பத்திரிகையில் வரும் விளம்பரங்களைப் பார்த்து இவர் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து பேசுவார். நான் வெளியே குழந்தையோடு நிற்பேன். இவர் வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் பேசியதுமே மறுமுனையில், இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டார், ரொம்ப வருத்தம் என்பார்கள். அப்படி ஓர் அவசரத்தில் ஊரிலுள்ள வீடெல்லாம் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு இடத்தில் வந்து பார்க்கச் சொன்னார்கள். போனோம். குழந்தை வண்டியைப் பார்த்ததும், “குழந்தை இருக்குன்னு சொல்லலையே” என்றார் அந்த மனிதர். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அழுதேன். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்களே, அந்த நிலைமை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் இவர் ஆரம்பித்தார்.

“இந்தத் தினம் குளிக்கிறத நிறுத்தினாத்தான் என்ன? அந்தம்மாவுக்கு அதுதான ப்ராப்ளம்.”

“அந்தம்மாவுக்கு ப்ராப்ளம் ஜன்னல்னுதான சொன்னாங்க.”

“ஜன்னல், குளியல், எல்லாம் ஒண்ணுதான். கொஞ்ச நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணு.”

“நீங்க முதல்ல ஷவர்ல பாடுறத அட்ஜஸ்ட் பண்ணுங்க. நான் பிள்ள பெத்த உடம்பு. எனக்கு வெந்நி வேணும்.”

“இங்க உள்ள பொம்பளைங்கள்லாம் பிள்ள பெறலையா?”

அதற்கு நான் சொன்ன பதிலை எழுத முடியாது. இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. குளிர் வேறு, மௌனம் வேறு. குளியல் மட்டும் நிற்கவில்லை. சொல்லப்போனால் கூடியது. வீடு சில்லென்று இருக்கிறதே, வெந்நீரிலாவது கொஞ்சம் சூடேறட்டும் என்று நான் இன்னொரு வாளி பிடித்து ஊற்றிக்கொண்டேன். இவரும் பாட்டை நீட்டினார். எவ்வளவுக்கெவ்வளவு ஊற்றினோமோ அவ்வளவுக்கவ்வளவு நேரம் ரேடியேட்டர் செத்துக்கிடந்தது. அப்போதும் எங்களுக்குப் புத்தியில் உறைக்கவில்லை.

நிலவறையில் பாய்லரை ஒட்டிய அறையில்தான் துணி துவைப்பதும் காயப்போடுவதும். நான் போவது எப்போதும் மத்தியானத்தில். ஒரு நாள் காலையில் குழந்தைக்குக் கட்ட ஒரு துணிகூட மிச்சமில்லை. இவர் குளியலறைக்குள் போன நேரம், குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். கொடியில் கிடப்பதை எடுத்து வரலாம் என்று கீழே ஓடினேன். பாய்லர் எரியும் சத்தமும், அதோடு சேர்ந்து ஒரு பம்ப் ரீங்காரம் போடுகிற சத்தமும் கேட்டன. துணிகளை உருவிக்கொண்டிருக்கிறேன், டக்கென்று ஒரு ஓசை. ரீங்காரம் நின்றுவிட்டது. வேறொரு மூலையிலிருந்து வேறொரு பம்ப் மெல்லிய குரலில் ஆரம்பித்தது. பாய்லரின் நெருப்பு மட்டும் நிற்காமல் எரிந்தது.

கரண்ட் போய்விட்டதா என்றால் விளக்கு எரிகிறது. நின்ற பம்பிலிருந்து ஒரு தடித்த குழாய் கூரைவழியாக மேலே, வீடுகளுக்குள் போனது. தொட்டேன். சூடாக இருந்தது. துணியெல்லாம் மடித்து முடித்துவிட்டுத் தொட்டேன், வெதுவெதுப்பாகிவிட்டது. ஓடத் தொடங்கிய பம்பின் குழாயைத் தொட்டேன், கை சுட்டது. அது பாய்லரிலிருந்து கிளம்பி நேரே வெந்நீர்த் தொட்டிக்குள் போனது. வீட்டுக்காரம்மா எங்கும் இல்லை. கதவும் கிறீச்சிடவில்லை. யாரும் எதையும் திருகவில்லை. அந்த இயந்திரம் தானாகவே வீட்டைக் கைவிட்டுவிட்டு வெந்நீர்த் தொட்டியைக் கவனிக்கப் போய்விட்டது. மேலே போனேன். இவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். ரேடியேட்டர் ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் இவருடைய குளியலை நிறுத்தச் சொன்னேன். சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். நானும் குளிக்கவில்லை, குழந்தையையும் குளிப்பாட்டவில்லை. ஏழு மணிக்கெல்லாம் வீடு அடுப்படிபோலச் சூடாகிவிட்டது. குழந்தை கை கால்களை உதறி விளையாடியது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கார்த்திகையிலிருந்து என் பிள்ளையை நடுங்கவைத்தது நானேதான், அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று ஊற்றிய வெந்நீரேதான் என்றால் யார் மேல் கோபப்படுவது?

இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். இவர் ஒரு பென்சிலை எடுத்து, பாய்லர், தொட்டி, இரண்டு பம்ப் என்று படம் போட்டார்.

“ப்ரயாரிட்டி” என்றார். “தொட்டியில வெந்நீர் குறைஞ்சு பச்சத் தண்ணி ஏறினா, சூட்ட அளக்கிற தெர்மோஸ்டாட் ஒண்ணு சொல்லிடும். உடனே ரேடியேட்டர் பம்ப் நிக்கும், பாய்லர் சூடு மொத்தமும் தொட்டிக்குப் போகும். தொட்டி மறுபடி சூடானதும் ரேடியேட்டருக்குத் திரும்பும். வாரத்துக்கு ஒரு நாள் குளிக்கிறவங்களுக்கு நல்ல டிசைன். அரைமணி நேரம் பம்ப் நின்னா வீடு ஆறவே ஆறாது. நாம ராத்திரி பூரா ஆறிப்போன வீட்டுல, அது சூடேறுற நேரம் பாத்து, தொட்டி தொட்டியா காலி பண்றோம். பாய்லர் சூட்டையும் அந்தம்மா குறைச்சு வச்சிருக்காங்க. எப்ப அது சூடாகுறது, எப்ப ரேடியேட்டருக்குத் திரும்புறது.”

“இத ஆராய்ச்சி பண்ணித்தான மூணு வருஷமா சம்பளம் வாங்குறீங்க?”

“அது வேற குழாய்” என்றார்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. ஆனாலும் அவரைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. வீட்டைக் காலி பண்ணச் சொன்ன நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் உடனே கீழே போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். இவர் தடுத்தார்.

“சொன்னா நம்ம தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. பேசாம குளிக்கிற நேரத்த மாத்திப்போம்.”

“நேரத்த மாத்துனா ரூம் சூடாகும். போகச் சொன்னது நிக்குமா?”

“உன் பேச்சு சரியாத்தான் இருக்கு. ஆனா உன் ஜெர்மன்ல நீ சொன்னா அந்தம்மா என்ன புரிஞ்சிக்கும்?”

“பேசப்போறதில்ல. தொட்டுப் பாக்கச் சொல்லப்போறேன்” என்றேன்.

மறுநாள் காலையில் நிலவறைக் கதவு கிறீச்சிட்டதும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் இறங்கினேன். இவர் மேலே, நான் குரல் கொடுத்ததும் குழாயைத் திறக்கத் தயாராக. வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். பிடித்தே விட்டேன், கேட்கவில்லை. அந்தத் தடித்த குழாயின் மேல் வைத்தேன். “சூடு” என்றேன். பிறகு படிப்பக்கம் திரும்பிக் கத்தினேன். மேலே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. இருவரும் நின்றோம். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கை எடுக்கப் போனார், நான் விடவில்லை. பிறகு டக்கென்று அந்த ஓசை. பம்ப் நின்றது. அடுத்த பம்ப் தொடங்கியது. குழாய் மெல்ல மெல்ல அவருடைய கைக்குக் கீழே ஆறியது. இன்னொரு குழாயைத் தொடவைத்தேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். “குளிக்கிறோம், ரேடியேட்டர் நிக்குது. மேலயும். கீழயும்.”

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததோடு அவர் பக்கத்து மிச்சமும் வெளியே வந்தது. அறை ஆறியதும் அப்பாவின் காலுக்கு ஒரு வாளி நிறைய வெந்நீர் பிடித்து வைப்பாராம். ரப்பர் பைகளிலும் வெந்நீர் நிரப்பிப் படுக்கைக்குள் வைப்பாராம். அறை சூடாகவில்லை என்று மறுபடியும் மாற்றுவாராம். ஆக, மேலே நான் குளிருக்குப் பயந்து ஊற்ற, கீழே அவர் குளிருக்குப் பயந்து பிடிக்க, நடுவில் அந்த வெந்நீர்த் தொட்டி காய்ந்து முடியவே இல்லை. தினமும் காலையில் அவர் கீழே இறங்கி வந்தது எதையும் அடைப்பதற்கு அல்ல. நெருப்பு அணைந்துவிட்டதா என்று பார்க்க. அது எரிந்துகொண்டுதான் இருக்கும். பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் ஏறிப்போவார்.

வீட்டுக்காரம்மா குழந்தையைப் பார்த்தார்.

“காலையில மேலயும் இப்படித்தான் இருந்துச்சா? இவ இருக்கிற ரூம்லயும்?”

“ஆமா.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்கதான் நிறுத்துறீங்கன்னு நினைச்சேன்.”

“பச்சப் பிள்ள இருக்கிற வீட்டுக்கா?” என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மழுப்பியிருக்கலாம். என் சுபாவம் அப்படியில்லை. “ஆமா” என்றேன். “நீங்க என்ன நினைச்சீங்க?”

“அப்பா இருமுறது உங்களுக்குக் கேக்குது. கேட்டுக்கிட்டே ஜன்னலத் திறந்து வைக்கிறீங்கன்னு நினைச்சேன்.”

நான் அவரை நினைத்ததுபோலவே அவரும் என்னை நினைத்திருக்கிறார், ஒரு இம்மி கூடவுமில்லை, குறையவுமில்லை. எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிடக் கோபமாகவும் இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

“நீங்க போக வேண்டாம்” என்றார் கடைசியில். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. நானும் கேட்கவில்லை. போக வேண்டாம் என்பது எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை. வந்தபோது எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அங்கே கவிழ்த்து வைத்திருந்த துணிக்கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, வீட்டு வேலையைப் பங்கு போடுகிற குரலில் சொன்னார். எட்டு மணி வரைக்கும் யாரும் வெந்நீர்க் குழாயைத் தொடக்கூடாது, வீடு முதலில் சூடாகட்டும். எட்டு மணிக்குக் குழந்தை. அடுத்து நான், பிள்ளை பெற்ற உடம்பு என்பதால். அதற்கு அடுத்து அப்பாவின் காலுக்கு. இவர் ஆம்பிளைதானே, சாயங்காலம் வந்து குளிக்கட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் பாடட்டும். பாட்டு அவருக்கும் கேட்டிருக்கிறது.

“தினமும் குளிக்கலாமா?” என்று கேட்டேன்.

“தினமும் குளிக்கிறவங்கதான நீங்க” என்றார்.

“நீங்க எப்ப?”

“எல்லாரும் முடிச்ச பிறகு” என்று சொல்லிவிட்டு, அப்பாவைப் பார்க்க ஏறிப்போனார்.

எல்லாரும் முடித்த பிறகு அந்த வெந்நீர்த் தொட்டியில் குளிர்ந்த தண்ணீர்தான் மிஞ்சும் என்பது, குழாயைத் தொட்ட கையில் சூடு ஆறுவதற்குள், எங்கள் இரண்டு பேருக்குமே நன்றாகத் தெரிந்திருந்தது.